விழித்திருக்க முடியாத ஆறு மாதம்

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்த பிறகு, தெருவில் எல்லோருமே அதை முன்னமே கண்டுபிடித்து வைத்திருந்ததாகச் சொன்னார்கள். "அப்பவே நெனச்சேன், இவ என்ன இப்படி மெலியுதாளேன்னு" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அப்போது என்னிடம் அவள் சொன்னது வேறு. மெலிந்ததும் சுடிதார் எனக்கு எடுப்பாக இருக்கிறதாம், எல்லாம் புருஷன் வந்த பவுசாம். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். என்னால் நிற்க முடிந்த நாட்களில் அது ஒன்று.

இதை எழுதச் சொன்னது என் மகள் பர்வீன். "கால் போச்சு, கண்ணு போச்சுன்னா எல்லாரும் பதறுதாங்க. அசதியா இருக்குன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்குதாங்க. நீ பட்டதை எழுதும்மா" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். ஆனால் அசதியை மட்டும் தனியாகப் பிரித்து எழுத வரவில்லை. அது என்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போனதோ, அதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

என் பெயர் ஜுலைகா. தென்காசியில் வீட்டு முன்னறையிலேயே சுடிதார் துணியும் நைட்டியும் வைத்து விற்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. என் கணவர் மைதீன் வளைகுடாவில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். கல்யாணமான புதிதில் போனவர். அவர் எனக்கு மாமி மகன், அதனால் மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். வந்த களைப்பு தீர்வதற்குள் திரும்பிப் போகும் பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிடுவார். பெயருக்குத்தான் நான் அவருக்கு வாழ்க்கைப்பட்டவள். நிஜத்தில் முதலில் தபால்காரருக்கும் பிறகு டெலிபோனுக்கும் வாழ்க்கைப்பட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று பல வருடங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் கோடையில் போனில் சொன்னார். "இந்த மட்டம் ஆறு மாசம் லீவு கேட்டிருக்கேன். ஊர்ல நமக்கு ஒத்துப்போச்சுன்னா நான் திரும்பிப் போகல. நீ இருங்கன்னு சொல்லு, இருந்துருதேன்."

அங்கே ஒரு சட்டம் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் விசா தானாகச் செத்துவிடும். பிறகு போக நினைத்தாலும் அந்த வயதில் புது விசா கொடுக்கமாட்டார்கள். எங்கள் தெருவில் குழந்தைகளுக்குக்கூட இந்தக் கணக்கு தெரியும். அந்த விசாவைச் சாகவிடுவதா வேண்டாமா என்பதை அவர் என் கையில் கொடுத்திருந்தார். "வாங்க, வந்த பொறவு பாத்துக்கிடலாம்" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். அவர் வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தது எனக்கு.

திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேன் பிடித்துப் போனோம். செங்கோட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். திரும்பி வரும்போதும், இரண்டு வருடம் கழித்து வந்த மனுஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். வேனில் எல்லோரும் கேலி செய்தார்கள். அவரும்தான் சிரித்தார். "எனக்காக ராத்திரி பூரா தூங்காம இருந்திருப்பா" என்று எனக்காகப் பரிந்து பேசினார். ராத்திரி முழுவதும் நன்றாகத் தூங்கியிருந்தேன் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

தூக்கம் வேறு, இந்த அசதி வேறு. தூக்கம் என்றால் தூங்கினால் தீரும். இது தூங்கி எழுந்தால் இன்னும் கூடும். காலையில் கண் திறக்கும்போதே, கல்யாண வீட்டில் பாத்திரம் முழுவதையும் நான் ஒருத்தியே கழுவி முடித்ததுபோல இருக்கும். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியில் கை தானாக இறங்கிவிடும். துணி எடுக்க வந்தவர்களுக்கு மேல் தட்டிலிருந்து ஒரு துணிக்கட்டை எடுத்துப் போட மனமில்லாமல் "அந்த கலர் தீர்ந்துட்டு" என்று பொய் சொல்லியிருக்கிறேன். தாகம் வேறு. ஒரு சொம்பு தண்ணீர் குடித்தால் இன்னொரு சொம்பு கேட்கும். குடித்த தண்ணீரெல்லாம் உடனே வெளியே போகும். வயது ஆகிறது, மாதவிலக்கு நிற்கிற காலம், கோடைச் சூடு என்று நானே ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவைத்திருந்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை இருந்ததில்லை. அதனால் அந்தப் பக்கமே புத்தி போகவில்லை.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியை உடைப்பது எங்கள் பக்கத்தில் ஒரு திருவிழா. கயிறு கட்டிய அட்டைப்பெட்டியை நடுவீட்டில் வைத்துப் பிரிப்பார்கள். மச்சானின் பெட்டியில் பாதிக்குமேல் எனக்கென்று வந்திருந்தது. மூன்று நான்கு வகைப் பேரீச்சம்பழம், தேன், பால்பவுடர், தண்ணீரில் கரைக்கிற ஆரஞ்சுத் தூள், அத்திப்பழம். நான் சோர்ந்து கிடப்பதை இரண்டு நாளிலேயே கவனித்துவிட்டார். "ஒடம்புல சத்தே இல்ல ஒனக்கு. பிள்ளைக்கும் கடைக்கும் பாத்து நீ ஒழுங்கா தின்னுருக்க மாட்ட" என்று சொல்லி வைத்தியத்தை அவரே ஆரம்பித்தார்.

காலையில் பாலில் ஊறவைத்த பேரீச்சம்பழம். பத்து மணிக்கு ஆரஞ்சுத் தண்ணீர். மதியம் சோற்றுக்குப் பிறகு தேன். சாயங்காலம் பால்பவுடரைக் கெட்டியாகக் கரைத்து, அதிலும் பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்துப் பிசைந்து போடுவார். எனக்கு ஊட்டிவிடுவார். ஆமாம், இந்த வயதில் ஊட்டிவிட்டார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு ஆண் சமைத்துக் கொடுத்து நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. சாப்பிட்டதும் ஒரு அரைமணி நேரம் தெம்பாகக்கூட இருந்தது. அதற்கப்புறம் விழுந்தால் மூன்று மணி நேரம் அடித்துப்போட்டதுபோல் கிடப்பேன். "பாரு, அசந்து தூங்குதா. ஒடம்பு தேறுது" என்று பர்வீனிடம் போனில் சொல்வாராம்.

அந்தத் தூக்கங்கள்தான் இப்போதும் என்னை அறுக்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் என் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு பேசுவார். அங்கே அவர் பட்டதையெல்லாம் போனில் சொன்னதே இல்லை. காசு கரையும், நான் வேறு அழுவேன். இப்போது நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். முதன்முதலில் போனபோது வேலைக்குச் சேர்த்த ஆள் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு காணாமல் போனது. ஒரே அறையில் படுக்க முறை வைத்துத் தூங்கியது. என் அம்மா மௌத்தானபோது அடக்கத்துக்கு வர முடியாமல் கடை குடோனில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதது. ஒவ்வொன்றையும் ஆரம்பம் கேட்டிருக்கிறேன். ஒன்றின் முடிவும் எனக்குத் தெரியாது. விழிக்கும்போது அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா படுத்திருப்பார். "பொறவு என்னாச்சு?" என்று கேட்பேன். "சொல்லி முடிச்சிட்டேம்லா" என்பார். இரண்டாம் தடவை ஒன்றையும் சொல்லமாட்டார்.

சாரல் ஆரம்பித்ததும் குற்றாலத்துக்குக் கிளம்பினார். அருவியில் தலையைக் கொடுத்தால் உடம்பு அலுப்பு பறந்துவிடும் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வைத்தியம். தன் அக்கா மகனின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு, விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் என்னை ஏற்றிக்கொண்டு போவார். மேலகரம் வருவதற்குள் நான் அவர் முதுகில் சாய்ந்து கண் சொக்கிவிடுவேன். விழுந்துவிடுவேன் என்று பயந்து, தன் வயிற்றைச் சுற்றியிருந்த என் கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் வண்டியை ஓட்டுவார். சாரல் முகத்தில் அடிக்கும். எனக்குத் தெரிந்து என் கல்யாண வாழ்க்கையில் அதுதான் நல்ல காலம். பாதியைத் தூங்கியே கழித்தேன்.

ஒரு நாள் பெண்கள் பக்கத்தில் தண்ணீருக்குள் நின்றவள் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. வழுக்கி விழவில்லை, மயக்கமும் இல்லை. காலுக்கு எழுந்திரு என்று சொல்கிறேன், அது கேட்கவில்லை. தண்ணீர் தலையில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பின்னாலிருந்த பெண்கள், "ஏ அக்கா, நகருங்க, எங்களுக்கும் எடம் விடுங்க" என்று சத்தம் போட்டார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தி காவலுக்கு நின்ற பெண் போலீஸைக் கூப்பிட்டாள். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து என்னை வெளியே கொண்டுவந்தார்கள். ஆண்கள் பக்கம் தனி, பெண்கள் பக்கம் தனி. இதெல்லாம் நடந்தது தெரியாமல் மச்சான் வெளியே துண்டும் ஒரு பொட்டலம் மிளகாய் பஜ்ஜியுமாக நின்றுகொண்டிருந்தார். என்னைத் தூக்கிவருவதைப் பார்த்ததும் பஜ்ஜியை என்ன செய்வதென்று தெரியாமல் அந்தப் போலீஸ்காரப் பெண்ணிடமே நீட்டினார். பிறகு என் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஆட்டோ பிடித்து நேராகத் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் விரல் நுனியில் ஊசியால் ஒரு குத்து குத்தி, வந்த சொட்டு இரத்தத்தைச் சின்ன மெஷினில் வைத்துப் பார்த்தாள். மெஷின் எண்ணைக் காட்டவில்லை. அளக்க முடிகிற அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. இன்னொரு விரலில் குத்தினாள். அதுவும் அப்படியே. "எத்தன வருசமா சுகர்?" என்று கேட்டாள். "எனக்குச் சுகர் இல்லையே" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை.

உடனே சேர்த்துக்கொண்டார்கள். கையில் டிரிப்ஸ் ஊசி, அதன் வழியாக உப்புத் தண்ணீரும் இன்சுலினும். சிறுநீரில் கிருமி இருந்தது. உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்க ஆரம்பித்து, அதில் வருகிற ஒரு நஞ்சும் இரத்தத்தில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. மூன்று மாதச் சராசரி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது. இன்று என்ன சாப்பிட்டோம் என்பதை அது பார்க்காது. கடந்த மூன்று மாதமாக இரத்த அணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும். எனக்கு அது இருக்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

டாக்டர் ஒரு பெண்மணி. என் மகள் வயதுதான் இருக்கும். அசதி எதனால் என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார்.

"பஸ் நெறய ஆள் வந்து பஸ் ஸ்டாண்டுல நிக்குதுன்னு வைங்கம்மா. கண்டக்டர் கதவைத் தெறக்கல. ஊருக்குள்ள கடையெல்லாம் ஆளில்லாம காத்தாடுது. ஒங்க இரத்தத்துல சர்க்கரை அப்படித்தான் நிக்குது. உள்ள போகல. இன்சுலின்தான் அந்தக் கதவைத் தெறக்கணும். அதான் எவ்வளவு சாப்பிட்டாலும் ஒங்களுக்குத் தெம்பு வரல."

பிறகு என்ன சாப்பாடு என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்கு முன் மச்சான் முந்திக்கொண்டார். ஒரு குறையும் வைக்கவில்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் அவருக்கு. "காலைல பேரீச்சம்பழமும் பாலும் டாக்டர். ஒசத்தியான பழம், நானே கொண்டாந்தது. அப்புறம் ஆரஞ்சு. தேன். சாயங்காலம் பால்பவுடர்…"

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்ற நர்ஸால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்லாத்தான் கவனிச்சிருக்கீங்க அண்ணாச்சி" என்றாள். மச்சான் பேச்சை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். டிரிப்ஸைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியதை நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்குக் கண் திறந்திருக்க வேண்டியதில்லை. அப்போது பார்த்துத் தூக்கம் வரவில்லை.

டாக்டர் நல்லவர். "இது பேரீச்சம்பழத்தால வந்த நோய் இல்லங்க. இவங்களுக்கு இது ரொம்ப நாளா உள்ள இருந்திருக்கு. நீங்க கொடுத்தது கொஞ்சம் சீக்கிரம் காட்டிக்கொடுத்திருக்கு, அவ்வளவுதான்" என்றார். மச்சான் தலையாட்டினார். அவருக்கு முதல் பாதி காதில் விழவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

பெண்கள் வார்டு. பார்வையாளர் நேரம் போக மற்ற நேரத்தில் ஆண்களை மேலே விடமாட்டார்கள். கட்டிக்கொடுத்த ஊரான ஆலங்குளத்திலிருந்து பர்வீன் தினமும் பஸ் பிடித்து வந்தாள். கோதுமைக் கஞ்சியும் கீரையும் செய்து, தூக்குச்சட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே வருவாள். சூடாக இருக்கும். வார்டில் அட்டெண்டருக்குத் தெரியாமல் என் கால் இரண்டையும் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிடித்துவிடுவாள். பக்கத்துக் கட்டிலில் கடையம் ஊரைச் சேர்ந்த ஒரு அக்கா, வயலில் வேலை செய்கிறவர், பல வருடச் சர்க்கரைக்காரர். அவருக்கு ஒரு கால்விரலை எடுத்திருந்தார்கள். "ஒரு வெரலு போயிட்டு. செருப்பு வெலை மட்டும் கொறைய மாட்டேங்கு" என்பார். நான் சிரித்தால் "சிரி, சிரி. ரெண்டு நாளா பொணம் மாதிரி கெடந்தா. இப்பத்தான் மூஞ்சில உசுரு வந்திருக்கு" என்று தன் பங்குக்கு ஒரு போர்வையையும் என் மேல் போடுவார். அவருக்குக் கொண்டுவந்த கொய்யாக்காயில் எனக்கும் பாதி.

மச்சான் கீழே ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடை பெஞ்சில் இருப்பார். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் அவர் உச்சந்தலை தெரியும். அங்கிருந்து எனக்குப் போன் செய்வார். சாப்பிட்டியா, ஊசி போட்டாச்சா என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுவார். மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அவருக்கு ஒரு வார்த்தை வராது, என் கையிலிருந்த ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பார். போனில் மட்டும் பழைய மச்சானாகிவிடுவார். ஒருநாள் பார்வையாளர் நேரம் ஆரம்பித்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்.

"கீழதான இருக்கீய, மேல வாங்களேன்" என்றேன்.

"இருக்கட்டும் ஜுலைகா. இதுதான் நமக்குப் பழக்கம். இது நல்லாருக்கு" என்றார்.

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு டீ கிளாஸின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. காய்ச்சல் என்று நினைத்து நர்ஸ் வந்து தொட்டுப் பார்த்தாள்.

பில் வந்தபோது அவர் என்னிடம் காட்டவில்லை. "எவ்வளவு?" என்றேன். "ஒனக்கு எதுக்கு அது?" என்றார். மேஜைப் பக்கம் நின்றுகொண்டு நிரந்தரமாகச் சாப்பிட வேண்டிய மாத்திரைகளைப் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மாதம் ஒரு தடவை இரத்தம் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சராசரி பார்க்க வேண்டும், வருடத்துக்கு ஒரு தடவை கண்ணும் சிறுநீரகமும் பார்க்க வேண்டும். "இது எத்தன வருசத்துக்கு டாக்டர்?" என்று கேட்டார். "ஆயுசுக்கும்தான்" என்றார் டாக்டர். மச்சான் மெதுவாகத் தலையாட்டினார். அதே தலையாட்டல்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் மிச்சமிருந்த பேரீச்சம்பழத்தையெல்லாம் பள்ளிவாசலுக்குக் கொடுத்தனுப்பினார். அவரும் சோற்றைக் குறைத்தார், சீனியை விட்டார். விடிந்ததும் மெஷினை எடுத்து வந்து என் விரலில் குத்துவார். குத்துவதற்கு முன் கண்ணை மூடிக்கொள்கிறவர் அவர்தான். நான் சாப்பிடுகிற ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். எரிச்சல் வந்து "என்னைத் திங்க விடுங்க, சாமான் நிறுக்குத மாதிரி பாக்காதீய" என்று கத்தியிருக்கிறேன். எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

எல்லோரும் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறார்கள், நானும் போட்டேன். மருந்து ஆரம்பித்து சர்க்கரை இறங்கினால் அசதியும் போய்விடும் என்று. போகவில்லை. அதிகச் சர்க்கரைக்குப் பழகிய உடம்பு, அது சரியான அளவுக்கு இறங்கியதும், பட்டினி போட்டதுபோல் நடுங்கும். இரத்தமும் குறைவாக இருந்தது. நாலைந்து மாதம் ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். நாலைந்து மாதம் காத்திருக்க எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் விசாவுக்கு நாள் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அவர் வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன். சொல்வதற்கு உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த நாலு வார்த்தைக்குத் தெம்பு வருகிற நேரத்தில் அவர் கடைக்குப் போயிருப்பார், அல்லது வீட்டில் யாராவது இருப்பார்கள். தெருவில் வேறு, "புருஷன் வந்தான், பொண்டாட்டி படுத்துட்டா" என்று விளையாட்டாகப் பேசிக்கொண்டார்கள். அவர் காதிலும் அது விழுந்திருக்கும்.

ஒரு மதியம், பாயில் படுத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே கேட்டார். "நான் இங்கன இருக்கது ஒனக்குப் பாரமா இருக்கா?"

கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது. இல்லை என்று சொல்ல வேண்டும். இல்லை என்று மட்டும் சொன்னால் போதாது, இன்னும் நிறைய சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே "பொறவு சொல்லுதேன் மச்சான்" என்றேன். அது என் வாயிலிருந்து முழுதாக வெளியே வந்ததா என்றுகூடத் தெரியாது. அசதி என்னைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எழுந்தபோது சாயங்காலமாகி அசர் தொழுகையும் முடிந்திருந்தது. அவர் வீட்டில் இல்லை. பொழுது சாய, மஃரிபு தொழுகைக்கு முன்னால் வந்தார். "டிக்கெட் போட்டாச்சு" என்றார், சந்தையில் காய்கறி வாங்கிவந்ததைச் சொல்வதுபோல.

நான் வாழ்க்கையில் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சியதில்லை. அன்றைக்குக் கெஞ்சினேன்.

"போகாதீய மச்சான்."

"என்னட்டி இது, சின்னப்பிள்ள மாதிரி."

"நான் ஒங்கள வேண்டாம்னு படுக்கல. முடியாமப் படுத்தேன். ஒங்களுக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்குப் போறீய?"

மற்றக் கையின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். "மாத்திரை, ஊசி, டெஸ்ட்டு. ஆயுசுக்கும்னு சொன்னாங்கள்லா. இங்கன இருந்து நான் என்ன செய்வேன்?"

"சர்க்கார் ஆஸ்பத்திரில மாத்திரை சும்மா தாராங்க. கடையத்து அக்கா அங்கனதான் வாங்குதாங்களாம். நானும் வாங்கிக்கிடுதேன்."

"ஒன்னைய நான் அங்க வரிசையில நிக்க விடமாட்டேன். நின்னா நீ விழுந்துருவ." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் வந்து ஊட்டினதுக்கு நீ படுத்ததுதான் மிச்சம். அங்கன இருந்தாலாவது ஒனக்குப் பிரயோசனமா இருப்பேன்."

"அது ஒங்களால வரல. டாக்டரம்மா சொன்னாங்க."

"ஆமா, சொன்னாங்க" என்றார். என் தலையைத் தடவினார். "ரெண்டே வருசம்" என்றார்.

எங்கள் தெருவில் பிறந்த எந்தப் பெண்ணிடமும் அந்த வார்த்தையைப் பற்றி விளக்கத் தேவையில்லை. முதல் தடவை போனபோதும் அதைத்தான் சொன்னார்.

அவர் போன பிறகு என் உடம்பு தேற ஆரம்பித்தது. இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். இதைப் படிக்கிற யாருக்காவது ஓயாத அசதியும் தாகமும் இருந்தால், வயது என்றோ சூடு என்றோ காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரு சொட்டு இரத்தம் கொடுத்துப் பாருங்கள். நோய் என்று தெரிந்த பிறகு வெட்கப்படாதீர்கள். நான் உட்கார்ந்துகொண்டு சமைக்கிறேன். வேலையைப் பாதிப் பாதியாகச் செய்கிறேன். சாப்பிட்டதும் படுக்காமல் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறேன், எதிர்வீட்டுக்காரியும் கூட வருகிறாள். அசதியாக இருக்கிறது என்றால் அசதி என்றே சொல்கிறேன், முக்கியமாக வீட்டில் இருப்பவர்களிடம். நீங்கள் ஏன் கண்ணை மூடுகிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

போன வாரம் மதியம் அவர் அழைத்தார். கடையில் சாப்பாட்டு நேரம்.

"படுக்கலியா?"

"இப்பல்லாம் மத்தியானம் படுக்கதில்ல."

"அசதி?"

"முக்காவாசி போயிட்டுது மச்சான்."

 "அல்ஹம்துலில்லாஹ்" என்று அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னார். சந்தோஷப்பட்டார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார். "பாத்தியா, நல்ல மருந்து வாங்கிப் போட்டா எப்படித் தேறுது. நான் இங்கன திரும்பி வந்தது சரியாப் போச்சு."

"மச்சான், அங்கன குடோன்ல உக்காந்து அழுதேன்னு சொன்னீயள்ல. எங்கம்மா மௌத்துக்கு. அதுக்குப் பொறவு என்னாச்சு?"

"அதெல்லாம் சொல்லிட்டேம்லா."

"நான் கேக்கல. தூங்கிட்டேன். இப்பச் சொல்லுங்க, முழிச்சிருக்கேன்."

 "அன்னைக்கு வெள்ளிக்கிழமை. கடைய மூடிட்டு…" என்று ஆரம்பித்தார். பின்னால் யாரோ அரபியில் ஏதோ கேட்டார்கள். "ஆளு வந்துட்டு. பொறவு கூப்பிடுதேன், வச்சிரு" என்றார்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தேன். தூக்கம் துளிக்கூட வரவில்லை. சாயங்காலம் அசர் பாங்கு சொல்லுகிறவரை அப்படியே இருந்தேன்.